பெல்ட் உட்காரும் இடம்

கையுறை வரவில்லை. பல் வந்தது.

முழுதாக வந்துவிடவில்லை. கீழ்வரிசையில் வலப்பக்கத்துப் பல் ஒன்று நின்ற இடத்திலேயே ஓர் ஆட்டம் ஆடி, வாய்க்குள் ரத்தச் சுவையைப் பரப்பியது. அவ்வளவுதான். ஆனால் அணில் அப்போது மின்கம்பத்தின் உச்சியில் இருந்தான்.

லைன்மேன்களில் பாதிப் பேருக்கு இருக்கிற பழக்கம்தான் அது. சப்ளை நிறுத்திய லைனில் வேலை. ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும். இன்னொரு கையிலிருந்து தோல் கையுறையைக் கழற்றிவிட்டுச் சின்ன நட்டு ஒன்றைத் திருக வேண்டும். மூன்றாவது கைக்கு எங்கே போவது? கையுறையின் விரல் நுனியைப் பல்லால் கவ்வி ஓர் இழுப்பு. அது வாயோடு வந்துவிடும். வேலை முடியும்வரை அங்கேயே தொங்கும்.

கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மீசை அண்ணாந்து பார்த்தான். அணிலும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவன் மேலே, ஒருவன் கீழே என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அணிலுக்குப் பட்டப்பெயரும் அன்றைக்குத்தான் வந்தது.

"என்னடா மாப்ள, மேல போய் தியானமா?"

அணில் நாக்கு நுனியால் அந்தப் பல்லின் அடியைத் தடவிக்கொண்டிருந்தான். தாடை எலும்பு தட்டையாக ஓட வேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று உருண்டையாக உப்பியிருந்தது.

*

"புற்றுநோய் இல்ல. அந்தப் பயத்தை இங்கயே விட்டுடுங்க," என்றார் தாடை அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா. "ஆனா இந்தக் கட்டி எலும்பை உள்ளேர்ந்து அரிச்சுக்கிட்டே போகும். தாடையில இவ்வளவு தூரத்தை வெட்டி எடுத்தாகணும்."

தன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து அவன் கன்னத்தில் வைத்துக் காட்டினார். அணிலின் மனைவி அந்த விரல்களுக்கு இடையில் இருந்த கன்னத்தைப் பார்த்துவிட்டு முந்தானையைக் கசக்க ஆரம்பித்தாள்.

"வெட்டின இடத்துல என்ன மேடம் வைப்பீங்க? இரும்பா?"

"தாங்கிப் பிடிக்க ஒரு உலோகப் பட்டை. அதுக்கு நடுவுல உங்க எலும்பேதான்." எழுந்து வந்தவர், பேனா மூடியால் அவன் இடுப்பின் பக்கவாட்டில், எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். "இங்கேர்ந்து."

அணில் சுடுபட்டவன்போல எழுந்து நின்றான்.

"அங்க மட்டும் வேண்டாம் மேடம். அதுதான் நான் உட்கார்ற இடம்."

டாக்டரம்மா அவனையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாற்காலியில இல்ல டாக்டர்," என்று மனைவி விளக்கினாள். "இவர் கம்பத்துல உட்கார்றவர்."

அடுத்த முறை வந்தபோது, கம்பத்தில் சாய்ந்து நிற்கக் கட்டும் பெல்ட்டோடு வந்தான். மீசைதான் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளியிடம், "நோயாளிக்கு இடுப்புல போடுற மருந்துய்யா," என்று சொல்லி உள்ளே நுழைந்திருந்தான். டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே ஒரு தூண். அணில் பெல்ட்டை இடுப்பில் பூட்டி, வாரைத் தூணைச் சுற்றிக் கொண்டுவந்து கொக்கியை மாட்டி, கால்களைத் தூணில் பதித்து, மெதுவாகப் பின்னால் சாய்ந்தான்.

இரண்டு கையையும் விட்டான்.

நடைபாதையில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி ஊசித் தட்டோடு நின்றுவிட்டாள். அவன் முழு உடம்பும் காற்றில் சாய்ந்து நின்றது. தாங்கியது கைப்பிடியோ நாற்காலியோ இல்லை; இடுப்பின் இரண்டு எலும்பு விளிம்புகள் மட்டும்.

டாக்டரம்மா குனிந்து உட்கார்ந்து, பெல்ட்டுக்கும் எலும்புக்கும் இடையில் விரலை நுழைத்துப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா இதும்மேலயா?"

"இன்ஜினியர் மாறுவாரு, கம்பம் மாறும். இது மட்டும் மாறல மேடம்."

"எந்தப் பக்கம் அதிகம் சாய்வீங்க?"

"வலது."

"அப்போ இடதுல எடுக்குறேன்." பேனாவால் சட்டைக்குக் கீழே ஒரு கோடு போட்டார். "தழும்பு பெல்ட்டுக்கு அடியில வராம வெட்டுறேன். முன்முனையில தொடைத் தசை கட்டியிருக்கு, அதைத் தொட மாட்டேன். ஆனா மேல் விளிம்புல ஒரு துண்டு போகும். பள்ளம் விழும்."

"மறுபடி சாய முடியுமா?"

"எலும்பு ஆறினா முடியும். ஆறும். ஆனா நான் சொல்றதுக்கு முன்னாடி இந்தப் பெல்ட்டைத் தொட்டீங்கன்னா, அந்த முனை உடைஞ்சு தசையோட பிச்சிக்கிட்டு வரும். அப்புறம் என்கிட்ட வராதீங்க."

அவர் மிரட்டவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் அணில் பெல்ட்டைக் கழற்றி மீசையிடம் கொடுத்தான்.

*

அறுத்தது என்னவோ முகத்தில். அலறியது இடுப்பு.

கண் விழித்ததும் அணில் தாடையைத்தான் தேடினான். அது வீங்கி, மரத்து, யாருடைய முகமோ போல அமைதியாக இருந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ரப்பர் வளையங்களால் பூட்டியிருந்தார்கள். சரி, இவ்வளவுதானா என்று ஓர் அங்குலம் நகர்ந்தான். இடுப்பின் இடப்பக்கத்தில் யாரோ கடப்பாரையை நட்டு ஆட்டியது போலிருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் முகத்தையே பார்த்தார்கள். முகத்துக்கு ஆறுதல் சொன்னார்கள். முகத்துக்குப் பழம் வாங்கி வந்தார்கள். பூட்டிய பல்லுக்குள்ளிருந்து அவன், "உப்பு... உப்பு..." என்றான்.

"சூப்புல உப்பு பத்தலையாம்," என்று மீசை மொழிபெயர்த்தான். மனைவி ஓடிப்போய் உப்பு வாங்கி வந்தாள்.

"இடுப்பு" என்று சொல்ல முயன்றவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாளே நடக்கச் சொன்னார்கள். நடக்க உதவும் அலுமினியச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து கழிவறைவரை. எத்தனையோ கம்பம் ஏறியவனுக்கு அந்தத் தரை முடியவே மாட்டேன் என்றது. இடது காலைத் தூக்க நினைக்கும்போதெல்லாம் இடுப்பு, 'என்னைக் கேட்டாயா?' என்றது. தும்மல் வந்தால் மரண பயம் வந்தது. இருமலுக்கு மனைவி தலையணையை இடுப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

விசித்திரம் ஒன்றும் இருந்தது. இடது தொடையின் வெளிப்பக்கத்தில், உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடும் அளவுக்கு, எதுவுமே தெரியவில்லை. கிள்ளினாலும் தெரியவில்லை.

ரப்பர் வளையங்களைக் கழற்றியதும் அவன் டாக்டரம்மாவிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். "மேடம், தொடையில ஒரு ஏரியா முழுக்கக் கரெண்ட் கட்."

அவர் சிரித்துவிட்டார். "அந்த வழியா ஓடுற நரம்பு ஒண்ணு இழுபட்டிருக்கும். கம்பி அறுந்திருக்காதுன்னு நினைக்கிறேன். சப்ளை மெதுவாத் திரும்பும்." பிறகு, கிளம்பப் போனவர் கதவருகே நின்றார். "ஒண்ணு சொல்லணும். உங்க இடுப்பெலும்பு நான் எதிர்பார்த்ததை விடத் தடிமன். ரம்பம் திணறிடுச்சு."

"ஏன் மேடம்? ஏதாவது கோளாறா?"

"கோளாறு இல்ல. எலும்பு உயிருள்ளது. பாரம் விழுற இடத்துல அது தன்னைத்தானே கெட்டிப்படுத்திக்கும். உங்க பெல்ட் வருஷக்கணக்கா அங்க ஒரு எலும்பை வளர்த்திருக்கு. அந்த எலும்புதான் இப்ப உங்க முகத்துல இருக்கு."

அவர் போன பிறகும் அணில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மழையில், வெயிலில், ஊரெல்லாம் இருண்டு கிடந்த வேளைகளில் அவன் கம்பத்தில் சாய்ந்த ஒவ்வொரு சாய்வையும் யாரோ உள்ளே சேமித்து வைத்திருக்கிறார்கள். அவனைக் கேட்கவில்லை. அவனிடம் சொல்லவும் இல்லை.

கையைத் தூக்கித் தாடையைத் தொட்டான். ஏதோ பெரிய மனிதரைத் தொடுவது போல, கொஞ்சம் பயத்தோடு.

*

வீட்டுக்கு வந்து நடை கொஞ்சம் நேரான பிறகு, மீசை ஒரு செய்தியோடு வந்தான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவன், நேராகச் சொல்லவில்லை, மீசையை முறுக்கினான். அப்படி என்றால் கெட்ட செய்தி.

"இன்ஜினியர் கேக்குறாரு. நீ மறுபடி ஏறுவியா மாட்டியான்னு. பயிற்சி மைதானத்துல ஏறிக் காட்டணுமாம். இல்லேன்னா உன்னைப் புகார் போன் பக்கம் மாத்திடுவாங்க. நிரந்தரமா."

"புகார் போனா?"

"ஆமா. நாள் முழுக்க போனை எடுத்துப் பேசுற வேலை. வாயே சரியாத் திறக்காத உனக்கு! ஜனங்க கரெண்ட் போச்சுன்னு கூப்பிடுவாங்க, நீ 'உப்பு'ம்ப. ஊரே சூப்புல உப்பு போட்டுக்கும்."

அணில் சிரித்தான். சிரித்து முடித்ததும் உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. மேலே ஏறத் தெரியும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

அந்த மத்தியானமே, மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அலமாரிக்கு மேலிருந்த பெல்ட்டை இறக்கினான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிமென்ட் தூண். ஒரே ஒரு தடவை. லேசாக. தெரிந்துகொள்ள மட்டும்.

பூட்டினான். மாட்டினான். சாய்ந்தான்.

இடுப்பின் இடது முனையில் மின்னல் ஒன்று பளீரென்று வெட்டியது. கால் துவண்டது. தூணைக் கட்டிக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். எலும்பு உடைந்த சத்தம் கேட்டதா, தானே நினைத்துக்கொண்டானா என்று தெரியவில்லை.

பையோடு உள்ளே வந்த மனைவி தூணையும் பார்த்தாள், பெல்ட்டையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

"என்னங்க இது?" குரல் எழும்பவே இல்லை. "உங்களைக் கட்டிப்போடணும்னு நான் நினைச்சதுதான். நீங்களே கட்டிக்கிட்டீங்களா?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொக்கியைக் கழற்றினாள்.

*

எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு டாக்டரம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த முதுகைப் பார்த்தே அணில் பாதி செத்திருந்தான்.

"உடையல," என்றார். "உடைஞ்சிருக்கணும். உங்க நல்ல நேரம். தசைதான் சுண்டி இழுத்திருக்கு."

மனைவி பெருமூச்சு விட்டாள். அணில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான், அவர் விடவில்லை.

"இங்க வாங்க. பக்கத்துல வந்து பாருங்க."

படத்தில் இடுப்பெலும்பு பெரிய விசிறிபோல விரிந்திருந்தது. அதன் மேல் விளிம்பில், இடப்பக்கம், கடித்து எடுத்த மாதிரி ஒரு குழி. அவனுடைய குழி.

"குழியோட ஓரத்தைப் பாருங்க."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. குழியின் அடியில், கண்ணாடியில் மூச்சு படர்வது போல, மெல்லிய வெண்மை ஒன்று படர்ந்திருந்தது.

"புது எலும்பு," என்றார் டாக்டரம்மா. "யாரும் வைக்கல. அதுவா வருது. முழுசா நிரம்பாது, ஆனா வரும்."

பக்கத்தில் தாடைப் படத்தை மாட்டினார். உலோகப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. அதை ஒட்டி அந்தத் துண்டு. இரண்டு பக்கமும் பழைய தாடைக்கும் புதுத் துண்டுக்கும் நடுவில் இருந்த கறுப்புக் கோடு மங்கிப்போயிருந்தது. ஓரிடத்தில் கோடே இல்லை.

"இங்க ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. இடுப்புலேர்ந்து வந்தேன்னு இனி அதுக்கே ஞாபகம் இருக்காது."

மனைவியும் கிட்டே வந்து பார்த்தாள். இதைத் தினமும் பார்ப்பவர் டாக்டரம்மா. ஆனாலும் அவரும் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கே ஆச்சரியமா இருக்கா மேடம்?" என்று மனைவி கேட்டாள்.

"நான் வெட்டுறேன், திருகுறேன். அவ்வளவுதாம்மா என் வேலை. ஒட்டுறது யாருன்னு எனக்கும் தெரியாது."

அதன் பிறகு அணில் பெல்ட்டைத் தொடவில்லை. சொன்ன பயிற்சிகளை மட்டும் செய்தான்: படுத்தபடி காலைத் தூக்குவது, படியில் ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. மீசை இன்ஜினியரிடம் ஏதேதோ சொல்லித் தவணை வாங்கிக்கொண்டே இருந்தான். ஒரு மாலை, வாசற்படியில் உட்கார்ந்திருந்தவன் "ஆ!" என்று துள்ளினான். மனைவி பதறி ஓடி வந்தாள். இடது தொடையில் ஓர் எறும்பு.

"கடிச்சுடுச்சு!" என்றான், பரிசு விழுந்தவன்போல. "சப்ளை வந்துடுச்சு!"

அவள் எறும்பைத் தட்டிவிடப் போனாள். அவன் கையைப் பிடித்துத் தடுத்தான். "இரு, இன்னொரு தடவை கடிக்கட்டும்."

இடுப்பு இப்படித் தேறிக்கொண்டிருக்க, தாடையின் கதை வேறாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துச் சாப்பிடலாம் என்று டாக்டரம்மா சொல்லி வெகுநாளாகிவிட்டது. வலப்பக்கம் பல் இல்லை, பிறகு வைக்கலாம். இடப்பக்கப் பல்லெல்லாம் திடமாக இருந்தது. ஆனால் அணில் கடிக்க மாட்டேன் என்றான். மனைவி தினம் ஓர் ஆப்பிளை நறுக்கி வைப்பாள். அவன் அதை மசித்துக் குடிப்பான்.

"டாக்டரே சொல்லிட்டாங்க இல்ல?"

"சொல்வாங்க. வாய் என்னுது."

*

பயிற்சி மைதானத்தில் கரெண்ட் இல்லாத கம்பங்கள் வரிசையாக நின்றன. பெல்ட் போடலாம் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட பிறகுதான் இந்த நாள் வந்திருந்தது. இன்ஜினியர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கெட்டவர் இல்லை, ஆனால் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர். வேலிக்கு அப்பால் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மனைவி.

"ஏறணும், சாயணும், அந்த இன்சுலேட்டரை மாத்தணும், இறங்கணும்," என்றார் இன்ஜினியர். "முடியலைன்னா நடுவுலயே சொல்லிடுங்க. இதுல வெட்கம் ஒண்ணுமில்ல."

"சொல்றதுக்குத்தான் சார் இவனுக்கு வாய் வராது," என்றான் மீசை.

அணில் ஏறினான். பழைய வேகம் இல்லை. இடது காலை ஊன்றும்போதெல்லாம் இடுப்புக்குள் எதையோ கேட்டுக்கொண்டே ஏறினான். உச்சியில் நின்று வாரைச் சுற்றி, கொக்கியை மாட்டி, பூட்டு விழுந்த சத்தத்தைக் கேட்டு, கையால் இழுத்தும் பார்த்தான்.

இனிச் சாய வேண்டும்.

கை கம்பத்தை விடவில்லை. மூளை விடச் சொன்னது; கை கேட்கவில்லை. தூணடியில் வெட்டிய மின்னல் இன்னும் அங்கேயே காத்திருந்தது. கீழே இன்ஜினியரின் குடை ஒரு பொத்தான்போலத் தெரிந்தது.

அந்த வெண்மையை நினைத்தான். கண்ணாடியில் மூச்சு.

விட்டான்.

பெல்ட் வலது எலும்பில் பழையபடி உட்கார்ந்தது. இடதில், ஒரு கணம், இடம் தேடித் தடுமாறியது. பிறகு அந்தப் பள்ளத்துக்குள் மெல்ல இறங்கி, தனக்கென்று செய்து வைத்த இடம் போல அமர்ந்துகொண்டது. மின்னல் இல்லை. வலிகூட இல்லை. இறுக்கம் மட்டும், தெரிந்தவர் தோளைப் பிடிப்பது போன்ற இறுக்கம். வானம் முழுக்க அவன் முகத்துக்கு மேலே விரிந்திருந்தது. உடம்பு முழுவதும் காற்றில் இருந்தது. குழி விழுந்த எலும்பு அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது.

கண்ணில் நீர் திரண்டதைக் காற்றுமேல் பழி போட்டுவிட்டு வேலையில் இறங்கினான். கைகளுக்கு எல்லாம் நினைவிருந்தது. பழைய இன்சுலேட்டர் கழன்றது, புதியது அமர்ந்தது, நட்டு சுழன்றது. இடுப்பு, இடுப்பு, இடுப்பு என்று மனசு ஒரே இடத்தில் நின்று காவல் காத்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. கீழே மீசையின் சத்தம் இல்லை.

மீசை வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கோ ஆபத்து என்று அர்த்தம். அணில் குனிந்து பார்த்தான். மீசை கயிற்றைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வேலிக்கு அப்பால் மனைவி இரண்டு கையாலும் தன் தாடையைப் பிடித்திருந்தாள்.

பெல்ட்டைப் பார்த்தான். சரியாக இருந்தது. கொக்கி சரி. இடுப்பு சரி. வேறென்ன?

"என்ன?" என்று கேட்கப் போனான். கேட்க முடியவில்லை. வாய் நிறைந்திருந்தது.

கையுறை.

எப்போது கவ்வினான், எப்போது இழுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. தோலும் வியர்வையும் எண்ணெயும் கலந்த அந்தப் பழைய சுவை நாக்கில் இருந்தது. இடப்பக்கப் பற்கள் விரல் நுனியை இறுகக் கடித்திருந்தன. அந்தக் கடியின் பாரம் தாடையைச் சுற்றி ஓடி வலப்பக்கத்துக்குப் போவதை அவனால் உணர முடிந்தது. அங்கே அந்தத் துண்டு அசையாமல் நின்றது. பெல்ட்டுக்கு அடியில் இத்தனை வருடம் அவனைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்திருந்த அதே துண்டு. இடம் மாற்றி வைத்தார்கள். அது பிடிப்பதை விடவில்லை.

வாயைத் திறந்தால் கையுறை கீழே விழும். அவன் திறக்கவில்லை. ஊருக்கு மேலே, இடுப்பில் பாதியும் தாடையில் பாதியுமாகத் தன்னைத் தாங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒரே எலும்புக்குள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

"இறங்குங்க, போதும்!" இன்ஜினியரின் குரல் மெலிதாக வந்தது. "நல்லாவே பண்றீங்க!"

கையுறையை வாயில் கவ்வியபடியே கம்பம் முழுவதும் இறங்கினான். தரையில் கால் பட்டதும் இன்ஜினியர் குடையை மடக்கினார்.

"இடுப்பு எப்படி இருக்கு?"

அணில் பல்லுக்கு நடுவிலிருந்து ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றாரு?"

"பசிக்குதாம் சார்," என்றான் மீசை. இந்த முறை மொழிபெயர்ப்பு சரியாக இருந்தது.

மனைவி வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அவன் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள். அவன் மெதுவாகத் தாடையைத் திறந்தான். கையுறை அவள் கையில் விழுந்தது. தடித்த தோலின் விரல் நுனியில் பற்கள் பதிந்த தடம் ஆழமாக, வரிசையாக இருந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். திரும்பவும் தடவினாள். பிறகு கையுறையை மடித்துக் கைப்பைக்குள் வைத்து மூடிவிட்டு, உள்ளேயிருந்து நறுக்காத ஆப்பிள் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"ஏம்மா, அது ஆபீஸ் கையுறை," என்றான் அணில்.

"டாக்டர்கிட்ட காட்டணும்," என்றாள். "ஆபீஸ் வேற வாங்கிக்கட்டும்."